அடி இல்லாத பாக்கெட்

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு: திருடுகிறவர்கள், பறிகொடுக்கிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பூட்டோடு நிற்கிற ஒரே ஆள் தான்தான் என்று அவருக்கு நினைப்பு. கடையை மூடினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்த பிறகு திரும்பிப் போய் நாலாவது தடவை இழுப்பார். அந்த நாலாவது இழுப்புக்காக நான் தெருவில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் பத்துக் கோட்டு தைத்து முடித்திருப்பேன்.

நான் தையல்காரி. அவர் கடையிலேயே பாதி எனக்கு. வலது பக்கம் அவருடைய பூட்டு, சாவி, அரம். இடது பக்கம் என் மெஷின். தையல் என்று பெயர்தானே தவிர எல்லாம் ஆல்டரேஷன் வேலை. பேண்ட் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விடுவது. இருபது வருஷமாக அடுத்தவர் வெட்டியதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழுத்துணியை மேஜையில் விரித்து, நானே அளந்து, நானே வெட்ட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான், யாருக்கும் தெரியாமல் நான் எழுதிப் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வந்தது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய ஊர். அங்கே ஒரு நாடக அரங்கம். ராஜா உடுப்பு, போலீஸ் உடுப்பு, பேய் உடுப்பு எல்லாவற்றையும் அங்கேயே வெட்டித் தைக்கிறார்கள். துணி வெட்ட ஆள் வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. அவரவர் கத்தரியை அவரவர் கொண்டு வரவும்.

மற்றவர்களுக்கு அந்தக் கடைசி வரி ஒன்றுமே இல்லை. எனக்கு அதுதான் எல்லாம். நான் இடதுகைக்காரி. சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அது துணியை வெட்டாது. நடுவில் மடித்துப் போட்டு மெல்லும். என்னிடம் இருப்பது இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரி. சொல்லி வைத்து ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கியது. தேர்வு அறையில் அதைப் போல ஒன்றை யாரிடமும் இரவல் வாங்க முடியாது. வழியில் அது தொலைந்தால் அந்த வேலையும் தொலைந்தது.

"ரயில்ல போறோம்," என்றார் அவர். திருடர்கள் எல்லோரும் ரயிலில்தான் குடியிருக்கிறார்கள் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"கத்தரியைச் சாப்பாட்டுப் பையில போட்டுக்கறேங்க," என்றேன். "அந்தக் கிழிஞ்ச பையை எவன் பார்ப்பான்?"

"கிழிஞ்ச பையிலயா? நல்லா இருக்கு நீ சொல்றது. கையை விட்டு எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

பரணிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இறக்கினார். தானே உட்கார்ந்து செய்த பூட்டு ஒன்று அவரிடம் உண்டு. அதைக் கடையில் யாருக்கும் விற்க மாட்டார். குழந்தையைக் காட்டுவது போலக் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார். எந்தக் கம்பியாலும் திறக்காது, அதற்கு ஒரே ஒரு சாவிதான், அது இல்லை என்றால் தானே அரை நாள் துளைபோட வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பூட்டைப் பெட்டிக்குப் போட்டார். பெட்டியை ரயில் சீட்டின் காலோடு கட்ட ஒரு சங்கிலி. சங்கிலிக்கு இன்னொரு பூட்டு. கத்தரியைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்துப் பூட்டுவதாகச் சொன்னார். இந்த மனிதரோடு வாதாடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அவருடைய உடுப்பில் மறைவுப் பாக்கெட் வைத்ததும் நான்தான். சட்டைக்குள் நாலு, பேண்டுக்குள் ஆறு, தொப்பிக்குள் ஒன்று. பதினொன்று. பேண்டில் இருந்த ஆறில் ஒன்று, இடுப்புப் பட்டியின் உள்பக்கம், சாவிக்கொத்துக்கென்றே.

விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனோம். சாப்பாட்டுப் பை என் தோளில். அன்று அது என்னவோ தோளைப் பிய்த்தது. கேட்டதற்கு, "தண்ணி ரெண்டு பாட்டில் வச்சேன்," என்றார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில், பயணிகள் தங்கள் பொருள்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் அவரவர் பணம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். திருடனுக்கு இதைவிட என்ன உதவி வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் பதினொன்றையும் வரிசையாகத் தட்டி முடித்துவிட்டு, இடுப்பை மட்டும் இன்னொரு தடவை தட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் எங்களுக்கு எதிர் சீட்டில் ஒரு கணக்கு டீச்சர். அது அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உட்கார்ந்ததும் எங்கள் சங்கிலியில் எத்தனை கண்ணி என்று எண்ணிவிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையில் பேப்பர், முகம் நிறையச் சிரிப்பு. பெட்டியையும் சங்கிலியையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்கதாங்க சரியான ஆளு," என்றார். "ஜனங்களுக்குப் புத்தியே கிடையாது. பர்ஸைப் பின் பாக்கெட்ல வச்சுட்டு, திருடனைக் குத்தம் சொல்றாங்க."

"அதைச் சொல்லுங்க," என்றார் இவர். தன் மொழியைப் பேசுகிற ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"கூட்டத்துல இடிச்சா இடிச்சவனைப் பார்க்கக் கூடாது. மறுபக்கம் நிக்கிறவனைத்தான் பார்க்கணும். இடிக்கிறவன் ஒருத்தன், எடுக்கிறவன் ஒருத்தன்."

"அட, இது எனக்குத் தெரியாதே."

"பணத்தை ஒரே இடத்துல வைக்காதீங்க. பிரிச்சு வைங்க. நீங்க எப்படி வச்சிருக்கீங்க?"

நான் என் வீட்டுக்காரர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, எந்தப் பாக்கெட் எங்கே இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். இருபது வருஷமாக வாய்க்குப் பூட்டே போடாத பூட்டுக்காரர்.

பத்து மணிக்கு எனக்குப் பசித்தது. பையைத் திறக்கப் போனேன். "நீ உக்காரு, நான் எடுத்துத் தரேன்," என்று அவரே டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு உபசாரம் நான் கண்டதில்லை. தேர்வுக்குப் போகிறவள் என்று மரியாதை போலிருக்கிறது என்று சாப்பிட்டேன். சாப்பிட்டதும் அவர் கோட்டுக்காரரின் தோள் பக்கம் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார். பேப்பர் இரண்டு பேர் மடியிலும் விரிந்து கிடந்தது.

பதினோரு மணி சுமாருக்கு அவர் விழித்ததும், "சாவியைக் குடுங்க, கத்தரிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டுக்கறேன்," என்றேன்.

அவர் இடுப்பில் கையை விட்டார். கை வெறுமனே வந்தது. மற்ற பத்தையும் தட்டினார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"காணோம்," என்றார்.

கத்தரி பெட்டிக்குள். பெட்டியில் எவனாலும் திறக்க முடியாத பூட்டு. பெட்டி சங்கிலியில். சங்கிலி சீட்டில். சீட்டு ரயிலில். ரயில் எங்களை இறக்கிவிட்டு இன்னும் தூரமாகப் போகப் போகிறது. இன்னும் மூன்று மணி நேரத்தில் தேர்வு.

இதில் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது அவர் முகம். ஒரு திருகாணி காணாமல் போனால் கடையைத் தலைகீழாகக் கவிழ்க்கிற ஆள், சாவிக்கொத்தே போன பிறகு, "விடு, பார்த்துக்கலாம்," என்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எல்லாம் உங்களாலதான்," என்றேன். குரல் உடைந்துவிட்டது. "பேசாம பையில போட்டிருந்தா இந்நேரம் என் மடியில இருக்கும்."

"அழாதீங்கம்மா," என்றார் டீச்சர்.

"பாருங்க, இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தும்," என்று கோட்டுக்காரர் எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார். "அடுத்த ஸ்டேஷன்ல நான் எறங்கணும். உங்களுக்கு எதுவும் உதவி பண்ண முடியலையேன்னு இருக்கு." எழுந்து நின்று பேப்பரை மடித்தார்.

அவர் எழுந்தபோது கோட்டின் அடிமடிப்பு என் கண்ணுக்கு நேராக வந்தது. எனக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, துணி மறக்காது. வலதுகைக்காரர் ஊசி பிடித்தால் கைத்தையல் ஒரு பக்கமாகச் சாயும். நான் பிடித்தால் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். இந்த மடிப்பில் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சாம்பல் கோட்டில் கறுப்பு நூல். அன்று சாம்பல் நூல் தீர்ந்து போயிருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் இந்தக் கோட்டை வாங்கி வைத்தவரே என் வீட்டுக்காரர்தான். அவருக்குப் பூட்டு நினைவிருக்கும், கொண்டு வந்த ஆளின் முகம் நினைவிருக்காது. "பாவம், அந்த மனுஷனுக்கு உடம்பெல்லாம் அரிப்பாம்," என்று என்னிடம் கொடுத்தார். "இடது பாக்கெட்டுக்கு அடி வேண்டாமாம். வெளியில தெரியாம கை உள்ளே போய்ச் சொறிஞ்சுக்கணுமாம். மருந்து டியூப் வைக்க லைனிங்குல ஒரு உள்பை வேணுமாம்." நானும் ஐயோ பாவம் என்று அக்கறையாகத் தைத்துக் கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு அவர் கை அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். அது கோட்டுக்குள்ளேயே நுழைந்து, பேப்பருக்கு அடியில் பக்கத்து ஆளின் இடுப்புக்குப் போய்விடும். திருடனுக்குப் பயந்து பதினொரு பாக்கெட் போட்ட மனிதர், திருடனுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறார். நான் அதைத் தைத்திருக்கிறேன்.

பெட்டியைக் கிளப்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், நான் சாவி கேட்டதும் நழுவப் பார்க்கிறான். சத்தம் போட்டால் கொத்தை ஜன்னல் வழியாக வீசிவிடுவான். எனக்கு வேண்டியது சாவி. அந்தக் கோட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் தையலில் முடிச்சு எப்போதும் கோட்டின் முதுகுத் தையலுக்குப் பக்கத்தில் இருக்கும். அவன் டீச்சரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது நகத்தால் முடிச்சைக் கிள்ளி நூலை ஒரு இழு இழுத்தேன். அடிமடிப்பு ஒரு முழம் பிரிந்து தொங்கியது.

"அண்ணா, கோட்டு பிரிஞ்சிருக்கே," என்றேன்.

"ஐயையோ, ஆமா," என்றார் டீச்சர். "இப்படியா எறங்கிப் போவீங்க?"

"நான் தையல்காரிதான். கழட்டுங்க, ரெண்டு நிமிஷத்துல தைச்சுடறேன்."

"பரவால்லம்மா, நீங்களே கவலையில இருக்கீங்க."

"அதனாலதான் சொல்றேன். கை வேலை பண்ணினா மனசு கொஞ்சம் ஆறும்."

"கழட்டிக் குடுங்களேன், என்ன இப்போ," என்றார் டீச்சர். டீச்சர் சொன்னால் மறுக்க முடியாதபடி ஒரு குரல் அது.

கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். "அப்படியே தைங்க," என்றான்.

அதுவும் எனக்குச் சௌகரியம்தான். கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் மண்டியிட்டேன். "கையைத் தூக்குங்க. இன்னும் மேல. நேராப் பாருங்க. ரயில் ஆடுது, ஊசி குத்திடும், அசையவே கூடாது." தையல்காரி சொன்னால் எப்பேர்ப்பட்ட ஆளும் கேட்பான், அளவு கொடுத்துப் பழகிய உடம்பு. அவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிலை போல நின்றான்.

பிரிந்த மடிப்பு வழியாக லைனிங்குக்குள் கையை விட்டேன். உள்பை வைத்த இடத்திலேயே இருந்தது. நிறைந்திருந்தது. அதன் அடித்தையலை ஊசி முனையால் பிரித்தேன். முதலில் எங்கள் சாவிக்கொத்து என் மடியில் விழுந்தது. சத்தம் வராமல் முந்தானையால் பிடித்துக்கொண்டேன். பின்னாலேயே ஒரு சின்ன பர்ஸ், ஒரு கைக்கடிகாரம். டீச்சர் பர்ஸைப் பார்த்தார். தன் கைப்பையைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவரிடம் நான் உதட்டில் ஊசியை வைத்துக் காட்டினேன். கணக்கு டீச்சர் அல்லவா, கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரரும் பார்த்தார். கண் இரண்டும் சாவித் துவாரம் போல வட்டமாகிவிட்டது.

நான் அவசரப்படவில்லை. மடிப்பைத் தைத்தேன். கையோடு கையாக இடது பாக்கெட்டின் அடியையும் இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்து மூடினேன். ரயில் வேகம் குறைந்தது.

"முடிஞ்சுதுங்க," என்று எழுந்தேன். "பாக்கெட்டுக்கு அடி வச்சுட்டேன். போன வருஷம் நான் தைச்சப்போ விட்டுப் போச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் இடது கையில் இருந்த ஊசியைப் பார்த்தான். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான்; அது அடியில் முட்டி நின்றது. ரயில் முழுதாக நிற்பதற்குள் குதித்து, தூண்களுக்கு நடுவில் புகுந்து போய்விட்டான். டீச்சர் வாசல் வரைக்கும் ஓடிப் போய்ப் பிளாட்பாரம் அதிரத் திட்டினார். கடிகாரத்தை டிக்கெட் பரிசோதகரிடம் கொடுத்துவிட்டு, அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கும்வரை அவரை விடவில்லை. அந்த ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அதிசயமாக வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு அரங்கத்து வாசலில் நின்றோம். பெட்டியைக் கேட்டேன்.

"பெட்டி வேண்டாம்," என்றார். "பையை எடுத்துட்டுப் போ."

"சாப்பிடவா போறேன் உள்ளே? சாவியைக் குடுங்க."

அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள், கைப்பிடி உடைந்து கடையில் கிடந்த பழைய இஸ்திரிப் பெட்டி.

"என்னங்க இது?"

"இஸ்திரிப் பெட்டி."

"கத்தரி எங்க?"

அவர் என் தோளைக் காட்டினார். பையைத் தரையில் வைத்துக் கையை விட்டேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், அவருடைய பழைய பனியனில் சுற்றி, என் கத்தரி.

"நீ சொன்னதுதான் சரின்னு தோணுச்சு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும் பெட்டியைப் பார்ப்பாங்க, பையை எவன் பார்ப்பான்?"

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா இன்னும் இருபது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவே."

"ரயில்லயாவது சொல்லியிருக்கலாம்ல? என் உயிரே போச்சு."

"பக்கத்துல அந்தாளு உட்கார்ந்திருந்தான். அப்புறம் நீ ஊசியும் கையுமா நின்னதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, பெட்டியில வெறும் இஸ்திரிப் பெட்டிதான்னு?"

திட்ட வேண்டும் என்று எவ்வளவோ வார்த்தை வந்தது. ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டது. நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் பெட்டியைத் திரும்பப் பூட்டி, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டார்.

உள்ளே நீளமான மேஜை. என்னோடு ஏழு பேர். பெரிய கட்டிங் மாஸ்டர் ஆளுக்கு ஒரு முழுத்துணியைக் கொடுத்து, இரண்டு பாக்கெட் வைத்த கோட்டுக்கு வெட்டச் சொன்னார். துணியை விரித்தேன். இருபது வருஷ ஆசை மூன்று கஜ நீளத்துக்கு என் முன்னால் கிடந்தது. ஏதாவது பேசினால் தேவலை என்று, "சார், பாக்கெட்டுக்கு அடி வேணுமா?" என்று கேட்டேன்.

"அடி இல்லாத பாக்கெட்டை எவன்மா கேட்பான்?" என்றார்.

"ஒருத்தர் கேட்டார் சார். தைச்சுக் கொடுத்தேன். இன்னிக்குக் காலையிலதான் மூடினேன்."

கதையைக் கேட்டு அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அதற்குள் கத்தரி துணிக்குள் இறங்கிவிட்டது. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மாலை நாலரைக்கு வேலை எனக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெஞ்சில் சங்கிலி மாட்ட இடமே இல்லை. சங்கிலி அவர் மடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்த பெட்டியைக் காணோம்.

எழுப்பினேன். பதினொரு பாக்கெட்டையும் தட்டினார். எல்லாம் இருந்தது, சாவியும் இருந்தது. பிறகு பக்கத்தில் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா," என்றார். "நான் சொன்னேன்ல, பெட்டியைத்தான் எடுப்பான்னு."

"வேலை கிடைச்சிருச்சுங்க," என்றேன்.

"கிடைக்காம? கத்தரி பத்திரமா இருந்ததுல்ல," என்றவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான்.

கடையை இந்த ஊருக்கே மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். இருபது வருஷக் கடையை ஏன் காலி செய்தீர்கள் என்று யார் கேட்டாலும், "திருடன் இருக்கிற ஊர்லதாங்க பூட்டுக்கு மரியாதை," என்கிறார். அந்தச் சாவியைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பெட்டியை எடுத்தவனால் அந்தப் பூட்டைத் திறக்கவே முடியாதாம். இந்த ஊரில் இருக்கிற பூட்டுக்காரர்கள் எல்லோரிடமும் அலைந்துவிட்டுக் கடைசியில் நம்மிடம்தான் வந்தாக வேண்டுமாம். வந்தால் காசு வாங்காமல் திறந்து கொடுப்பாராம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்வாராம். கைப்பிடி மாற்றினால் எனக்கு ஆகும் என்கிறார்.